கேடயம் வாங்கும் முன் கண்ணைக் காட்டு

அன்புள்ள அபிலாஷுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் பூஜிதாவும் ஹர்ஷிணியும் நன்றாக இருக்கிறோம். நீ நலமா என்று கேட்பதுதான் முறை, ஆனால் நீ நலமாக இல்லை என்று தெரிந்துகொண்டே அப்படிக் கேட்க எனக்கு வரவில்லை. ஃபோனில் பேசினால் சிக்னல் இல்லை என்பாய், பேச்சை மாற்றுவாய், குழந்தையைக் கூப்பிடு என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். பூஜிதா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். ஷிஃப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் மேலோட்டமாகப் பார்க்காதே, உட்கார்ந்து முழுசாகப் படி.

ஹர்ஷிணிக்குச் சளி விட்டுவிட்டது, ஸ்கூலுக்குப் போய்வந்து எனக்கே பாடம் எடுக்கிறாள். தென்னையில் மறுபடியும் வெள்ளை ஈ, நைனா காலையில் எழுந்ததும் ஓலைக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு நிற்கிறார். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள்தான் இருக்கிறது, ஆனால் கேடயச் சேதி வந்ததிலிருந்து இன்று காலை வரை அவரை வீட்டில் பிடித்து வைக்க முடியவில்லை. ஜாம்பியாவில் செம்புச் சுரங்கத்தில் ஒரு வருஷம் முழுக்க ஒருத்தருக்கும் அடிபடாமல் வேலை பார்த்த குழு என் மகனுடைய குழு, மாசக் கடைசியில் மேடையில் கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள் என்று பால்காரரிடம் சொன்னார், கேஸ் கொண்டுவந்த பையனிடம் சொன்னார், பொள்ளாச்சி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவரிடமும் சொல்லியிருக்கிறார். டிவி அலமாரியில் ஹர்ஷிணியின் பொம்மைகளை ஒதுக்கிவிட்டு, நீ கேடயத்தோடு நிற்கும் படத்துக்கு இடம் பண்ணியாயிற்று.

அந்தக் குழுவில் அடிபட்டவன் ஒருத்தன் இருக்கிறான், அது நீதான் என்று அப்போது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் குழந்தை தான் வரைந்த படத்தைக் காட்டினபோது நீ கோழி பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்து ஒரு பக்கமாகப் பார்த்தாய். குழந்தை சிரித்தது. நீ ஃபோனை வைத்ததும் பூஜிதாவைக் கேட்டேன், ஒன்றுமில்லை அத்தை என்றாள், மறுபடி கேட்டேன், அழுதுவிட்டாள். சுரங்கக் கூரையில் தளர்ந்த பாறையைத் தட்டி உதிர்க்கும்போது கல் சில்லு தெறித்து இடது கண்ணில் அடித்ததாம், குழுவில் எல்லோருமாகச் சேர்ந்து யாரிடமும் சொல்ல வேண்டாம், கேடயம் வாங்கினபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு பண்ணினீர்களாம், ரூமில் வழுக்கி விழுந்ததாகப் பேச்சாம். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. ஒரு வார்த்தை கடிந்து பேசினாய் என்று தெரிந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

குவாரி முதலுதவி அறையில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறவளிடமா வழுக்கி விழுந்த கதை? விபத்தில்லாத குவாரிக்குக் கோப்பை கொடுக்கும் பாதுகாப்பு வாரம் நெருங்கினால் எங்கள் அறைக்கு ஈ காக்கை வராது. பஞ்சு தீராது, டிஞ்சர் தீராது. குவாரியில் யாருக்கும் எதுவும் ஆகாது, எல்லோரும் பைக்கில் இருந்து விழுவார்கள், பாத்ரூமில் வழுக்குவார்கள். பார்வையிட வந்த குழு கிளம்பிப் போன பிறகு, சீழ் பிடித்த கையோடு ஒவ்வொருத்தராக வந்து நிற்பார்கள்.

இந்த வருஷமும் அப்படித்தான் ஆகியிருக்கும். கல் ஏற்றும் டம்பர் லாரி ஓட்டுகிற வேலுமணி, பின் கதவில் சிக்கின கல்லை எடுக்கக் கைவிட்டான், கொக்கி நழுவிக் கதவு விழுந்தது, வலது கையில் இரண்டு விரல் நசுங்கிவிட்டன. கூட இருந்தவர்கள் துண்டைச் சுற்றி பைக்கில் ஏற்றி, கிணத்துக்கடவில் வெளி டாக்டரிடம் கூட்டிப்போகக் கிளம்பிவிட்டார்கள். ஃபோர்மேன் பொங்கியண்ணன் கேட்டில் பைக்கை மறித்து அவனை என் அறைக்கே தாங்கிக் கொண்டுவந்தார். "எழுதுங்க சிஸ்டர், குழியிலதான் நசுங்குச்சுன்னு எழுதுங்க. பைக் ஸ்டேண்டுல நசுங்குச்சுன்னு எவனாச்சும் வந்து சொன்னா நம்பிப்போடாதீங்க" என்றார். ரத்தத்தை நிறுத்திக் கட்டுப்போட்டு, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு அப்படியே எழுதினேன். அங்கே இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள். விபத்தில்லாத குவாரிக்கான கோப்பை அன்றைக்கே போய்விட்டது. அதன்பிறகு கேண்டீனில் பொங்கியண்ணன் தனியாக உட்கார்ந்துதான் டீ குடித்தார், ஆட்கள் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் எழுதினதால்தான் இன்ஜினியர் வந்து எல்லா டம்பரையும் சோதித்தார், பாதி வண்டியில் கொக்கி தேய்ந்து கிடந்தது, அத்தனையும் மாற்றினார்கள்.

விழா பொள்ளாச்சி ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் நடந்தது. முதல் கோப்பை வேறு குவாரிக்குப் போனது. எங்கள் ஆட்கள் சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டார்கள், அப்போது பார்வையிட்ட குழுவின் தலைவர் இன்னொரு பரிசு இருக்கிறது என்று மைக்கில் கூப்பிட்டார். நடந்ததை மறைக்காமல் சொல்லி, அடுத்த ஆளுக்கு அடிபடாமல் பார்த்துக்கொண்டதற்காக எங்கள் குவாரிக்கு என்றார். பொங்கியண்ணன் மேடை ஏறினார், ஆனால் கை நீட்டவில்லை. "ஏனுங்க, வெரலு போனது அவனுக்கு, நான் வாங்கி என்னங்க பண்றது" என்று கீழே பார்த்து வேலுமணியைக் கூப்பிட்டார். அவன் இடது கையால் கேடயத்தை வாங்கி, கட்டுப்போட்ட கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டான். பொங்கியண்ணனோடு பேசாதவர்களும் எழுந்து நின்று கை தட்டினார்கள். வேலுமணியின் பெண்டாட்டி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் தட்டவில்லை. "ஷீல்டு வந்துருச்சுங்க சிஸ்டர், வெரலு வருங்களா" என்று கேட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

விரல் வராது அபிலாஷ். உன் கண் இன்னும் போய்விடவில்லை. ஓரத்தில் மின்னல் மாதிரி வெட்டுகிறது, கறுப்பாகப் புள்ளி மிதக்கிறது என்று பூஜிதாவிடம் சொன்னாயாம். கண்ணுக்குள் விழித்திரை கழன்றால் அப்படித்தான் இருக்கும். அது வலிக்காது, வலிக்காததால்தான் ஆட்கள் நாளைத் தள்ளிப்போட்டுப் பார்வையை விட்டுவிடுகிறார்கள். மாசக் கடைசி வரைக்கும் அது உனக்காகக் காத்திருக்காது. குழுவில் இருப்பவர்கள் கோபிப்பார்கள், சில நாள் பேசாமலும் இருப்பார்கள். இருக்கட்டும். அவர்களில் யார் தலையில் அடுத்த கல் விழும் என்று உனக்குத் தெரியுமா? உன் கண்ணை நீ மறைத்தால் அந்தக் கூரையை யார் போய்ப் பார்ப்பார்கள்? எனக்குப் பயமாக இருக்கிறது, அதை உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நைனாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் நீ தயங்குகிறாய் என்று பூஜிதா சொன்னாள். அந்தக் கவலை உனக்கு வேண்டாம், இதை எழுதுவதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன். தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். கேடயத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "எந்தக் கண்ணு?" என்றார். இடது என்றேன். அதிலிருந்து தன் இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இதைப் படித்ததும் ஆபீசரிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. அங்கே தலையை ஆட்டாமல் படு, டாக்டர் சொல்லும்வரை குனியாதே, கண்ணைக் கசக்காதே. எங்கே அடிபட்டது என்று கேட்டால் சுரங்கத்தில் என்று சொல். நாளை சாயங்காலத்துக்குள் நீ ரிப்போர்ட் பண்ணாவிட்டால், உன் ஆபீசர் நம்பர் பூஜிதாவிடம் இருக்கிறது, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நானே பேசிவிடுவேன். கடவுள் உன்னை முழுசாக வைத்திருக்கட்டும், நீண்ட ஆயுளோடு இரு.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக நைனாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்
அம்மா ராமாமணி