பழுப்புப் பெட்டி

அன்புள்ள உனக்கு,

சனிக்கிழமை உன் துணிகளை எடுத்துப்போக வரும்போது பழுப்புப் பெட்டியைத் தேடாதே. அது இங்கே இல்லை.

செவ்வாயன்று கிரிம்ஸ்பியில் ஆறு வயதுப் பெண் ஒருத்தியை வளர்ப்புக் குடும்பத்திடம் அழைத்துப் போனோம். பெயரைச் சொல்ல மாட்டேன், எங்கள் வேலையின் விதி உனக்குத் தெரியும். அவசரத்தில் அவள் துணிகளைக் கறுப்புக் குப்பைப் பைகளில் திணித்தேன். எங்கள் குழந்தைகள் நல அலுவலகத்தில் எல்லோரும் செய்வதுதான். காரில் ஏறியதும் கேட்டாள்: "என் துணியெல்லாம் தூக்கிப் போடப் போறீங்களா, ஆன்ட்டி?"

நம் தெருவில் காரை நிறுத்தினேன். என்னோடு வேலை செய்யும் மார்னி அவளோடு உட்கார்ந்திருக்க, உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தேன். பின்சீட்டில் மூவருமாகத் துணிகளை மடித்து அடுக்கினோம். கதவைத் திறந்த வளர்ப்புத் தாய், "அடேயப்பா, மகாராணி பெட்டியோட வந்திருக்காங்க!" என்றாள். குழந்தை சிரித்தது.

"ஊரான் பிள்ளைங்களுக்கு மட்டும் உனக்கு நேரம் இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டைவிட்டுப் போனாய். இதற்கும் அதையே சொல்வாய். சொல்.

குப்பைப் பைகள் சமையலறையில் நிறைய இருக்கின்றன. உன் சட்டைகளை அவற்றில் போட எனக்கு மனம் வரவில்லை. வேறு பெட்டி கிடைக்கும்வரை அலமாரியிலேயே இருக்கட்டும்.

பெட்டி வாங்க எனக்கு அவசரம் இல்லை.

இன்னும் அதே வீட்டில்,
நான்