மஞ்சள் கவுனின் முதுகு

ஏழு கடலுக்கும் ஒரே மகாராணியே, என் மருமகளே ஜெசிந்தா,

உன் தாய்மாமன் எழுதுகிறேன். திமிங்கிலத்துக்கே வழி சொன்னவன், புயலை அதட்டி உட்கார வைத்தவன் என்றெல்லாம் உன்னிடம் அளந்தவன்தான். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இப்போது வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வருகிறது.

உன் பத்திரிகைகள் பத்திரமாக இருக்கின்றன. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டுக் குமரிப் பிள்ளைகளுக்காக அச்சடித்த அந்த ஃபேஷன் புத்தகங்களை, தபாலில் வரவழைத்தும் பழைய பேப்பர் கடைகளில் கிளறியும் சேர்த்தாயே, ஒன்றைக்கூட உன் அம்மா யாருக்கும் கொடுக்கவில்லை. போன வாரம் வரை தையல் மிஷின் மேலேயே அடுக்கியிருந்தாள். அப்புறம் எப்படித் தைப்பாள்? தைப்பதில்லை.

எல்லாம் ஒரு தாளில் தொடங்கியது. என் முதல் கப்பலிலிருந்து அக்கா கல்யாணத்துக்கு நான் கொண்டுவந்த கண்ணாடித் தம்ளர்கள், சுற்றிய தாளோடு அலமாரியிலேயே கிடந்தன. பன்னிரண்டு வயதில் நீ பிரித்தாய். தம்ளரை ஓரமாக வைத்துவிட்டுத் தாளுக்கு இஸ்திரி போட்டாய். அதில் மஞ்சள் கவுன் போட்ட ஒரு பெண். கவுனின் முதுகை எதிர்ப்பக்கத்தில் பார்க்கவும் என்று கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. எதிர்ப்பக்கம்தான் இல்லை.

"மாமா, இதுக்கு முதுகு எப்பிடி இருக்கும்?"

"ஏளா, நாப்பது பொத்தான். ஒவ்வொண்ணும் நம்ம கடல் முத்து. நடுவுல ஒரு மயிலு."

"பொய்யி. நான் கண்டுபிடிச்சி, அதே மாரி தச்சிப் போடுவேன், பாருங்க."

பதினோரு வருஷம் தேடினாய். அந்த ஒரு பக்கத்துக்காகத்தானே அத்தனை புத்தகமும்?

ஆசுபத்திரிக் கட்டிலில், காய்ச்சல் கொஞ்சம் இறங்கிய ஒரு மத்தியானம் கேட்டாய்.

"மாமா, ஒங்க கப்பல் பெட்டியில பாத்தியளா?"

"ஏளா, அத மூணு தடவ கவுத்து, துறைமுகத்துக் கிரேன வச்சே உலுக்கிப் பாத்துட்டேன்."

சிரித்தாய். நான் பார்க்கவே இல்லை, ஜெசிந்தா. கப்பல்காரன் பெட்டியை வீட்டில் யாரும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டவன் நான். துணிக்கு அடியில் பாட்டில் இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

போன வாரம் அக்கா, "ஏலே, கரையான் வந்துரும். ஒன் தகரப் பெட்டியக் குடு, பிள்ள புத்தகத்த அதுல வைக்கேன்" என்றாள். காலி செய்தேன். துருப்பிடிக்காமல் இருக்க முதல் பயணத்தில் அடியில் தாள் ஒட்டியிருந்தேன். கப்பலில் எல்லோரும் செய்வதுதான். தம்ளர் சுற்றியது போக மிச்சமிருந்த அதே பழைய புத்தகம். முப்பது வருஷமாக அந்த மஞ்சள் கவுன்காரி முதுகைக் காட்டிக்கொண்டு என் பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கிறாள்.

அக்கா குனிந்து விரலால் தடவினாள். "ஒத்தப் பொத்தான்தானாலே?" என்றாள். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். என்னைத் திட்டியிருக்கலாம்.

உரித்தால் கிழிந்துவிடும். அதனால் அதன் மேலேயே உன் புத்தகங்களை அடுக்கினேன். மூடியை நான் சாத்தவில்லை, திறந்தபடியே கிடக்கிறது.

நான் சொன்னால் இனி நீ நம்புவாயா?

கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியோடு வருவேன். கழுத்துக்குக் கீழே ஒரே ஒரு பொத்தான், சாதாரண வெள்ளைப் பொத்தான். அதை மட்டும் சொல்வேன். இன்னொரு பொத்தான்கூடக் கூட்டிச் சொல்ல மாட்டேன்.

பெட்டியைத் திறந்து பார்க்காத,
உன் தாய்மாமன்