கை தொட்ட குதிரை

அன்புள்ள அம்மாவுக்கு, நந்தினி புனேயிலிருந்து வணக்கத்துடன் எழுதுவது. உன் போன் ஏரியில் விழுந்துவிட்டதால் இந்தக் கடிதம். நைனாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே பள்ளியில் செஸ் சொல்லித்தரும் வேலையை நிரந்தரமாக்கும் முன், இங்கே முன்பு இருந்த கோச்சோடு ஓர் ஆட்டம் ஆடிக் காட்டச் சொன்னார்கள். எனக்குக் கறுப்பு. கிரன்ஃபெல்ட் தற்காப்பு ஆடினேன். நடுக்கட்டங்களை எதிராளிக்கே விட்டுக்கொடுத்து, பிறகு அவற்றை உடைக்கிற ஆட்டம். யோசிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன். "கண்ணால தேடாத, கையால தேடு"னு தண்ணீரில் இறால் பிடிக்கையில் நீ திட்டுவாயே, அந்தப் பழக்கத்தில் கை போய்க் குதிரையைப் பிடித்துவிட்டது. தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும். ஓரத்தில் வைத்தேன். அவர் சிரித்தார். ஆனால் குதிரை விலகியதும் அதன் பின்னால் நின்ற சிப்பாய்க்கு வழி கிடைத்தது. அது ஏறிப்போய் அவருடைய நடுவையே உடைத்தது. வேலை எனக்குத்தான் அம்மா.

பிள்ளைகள் வந்துவிட்டார்கள், முடிக்கிறேன். காய்ந்த இறால் கொஞ்சம் அனுப்பு. இறால் போட நீ வாயில் கடித்துக்கொள்கிற ஓலைப் பறி, அதில் பழையது ஒன்றையும் சேர்த்து வை. கழுவிவிடாதே.

உன் மகள்
நந்தினி