நாலு கொக்கி டப்பா

என் முதலாளியம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

ஒழுகாத சாப்பாட்டு டப்பா என்று நாலு கொக்கி வைத்துச் செய்தேனே, அது கடையிலேயே தூங்குகிறது. நேற்று மத்தியானம் ஒரு தையல் பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே சாப்பிட மேசையே கிடையாது. நம் டப்பாவை வாங்கியிருந்த ஓர் அம்மா அதை மடியில் வைத்து, கொக்கியைப் பல்லால் இழுத்தார்.

“செஞ்சவன் ஒருநாளாவது இதுல சாப்பிட்டிருப்பானா? என் பல்லுதான் போகுது!”

டப்பாவை வாங்கி நானே திறந்து கொடுத்தேன்.

கொக்கியை மாற்றுவதா, தொழிலையே விடுவதா என்று வெள்ளிக்கிழமைக்குள் கூட்டாளியிடம் சொல்ல வேண்டும். நான் அனுப்பிய டப்பாவைப் பார்த்து “அருமையா இருக்குங்க” என்றாயே, அது என் மனம் நோகாமலிருக்கத்தானே? போனில் கேட்டால் மழுப்புவாய் என்றுதான் எழுதுகிறேன். ஈரக்கையோடு அதைத் திறந்து வீடியோ அனுப்பு. கை தெரிந்தால் போதும். முகமும் வீடியோவில் விழுந்தால் பாதகமில்லை.

கூட்டாளி கூப்பிடுகிறார். மறைக்காமல் சொல்லும்மா, என்னைத் திட்ட இங்கே ஆளில்லை.

உன் வீட்டுக்காரன்