இருநூறு அடி தள்ளி

தம்பிக்கு,

நீ அனுப்பிய கிறிஸ்துமஸ் பன்றித் தொடையை நாய்க்குப் போட்டேன்.

படித்தவன் நான் இருக்க, அப்பா உன்னைத்தான் அறக்கட்டளைக்குப் பொறுப்பாளனாக வைத்தார். அதை நான் மறக்கவில்லை. அவர் எழுதியது எளிமையானது: தான் சாகும்போது இறைத்துக்கொண்டிருக்கும் எண்ணெய்க் கிணற்றின் வருமானம் அம்மாவுக்கு. பிறகு தோண்டும் கிணறுகளின் பணம் முதலாகச் சேர்ந்து, அம்மாவின் காலத்துக்குப் பின் நம் இருவருக்கு.

நீ பழைய கிணறு வற்றிவிட்டது என்று அடைத்தாய். இருநூறு அடி தள்ளிப் புதிதாகத் தோண்டினாய்.

நேற்று பீகோஸில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். கிணற்றுப் பணம் வருவது நின்றதால் அம்மா நர்ஸை நிறுத்திவிட்டாள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து டப்பா பீன்ஸைச் சூடாக்காமலே தின்றுகொண்டிருந்தாள்.

"ஏன்டா, பம்பு நாலடி நகர்ந்தா எண்ணெய் வேறயா ஆயிடுமா? நீ பாறையைப் பத்திப் படிச்சவன், சொல்லு."

நான் ஒழுகும் குழாயைத் திருகினேன்.

"உன் தம்பி 'சட்டம்மா'ங்கறான். அவனுக்குச் சட்டம் தெரியும், எனக்கு அவனைத் தெரியும். நீ என்னடான்னா குழாயைத் திருகற."

கிணறு வற்றவில்லை என்பது உன் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எனக்குத் தெரிந்தது. எனக்கும் பாதி வரும் என்பதும் தெரிந்தது. அதன் பிறகுதான் பழைய கிணற்றை அடைக்க நீ அனுப்பிய சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டேன். உன்னை நினைத்தால் குமட்டுகிறது; கண்ணாடியைப் பார்த்தாலும் அப்படித்தான்.

திங்கட்கிழமை அம்மாவின் வழக்கில் நீதிபதியிடம் இரண்டு கிணறும் ஒரே பாறையின் எண்ணெய் என்று சொல்லப்போகிறேன். என் கையெழுத்தைக் காட்டி என்னை மடக்கலாம் என்று நினைப்பாய். காட்டு. நீ மறந்தால் நானே காட்டுவேன்.

உன் அண்ணன்