ஓடைப்பட்டியில் நிற்கும் கட்டில்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து காற்று. கோடவுன் தகரம் தடதடவென்று அடிக்கிறது. ஆணி வாங்க வேண்டும்.

இன்று போன சரக்கு: சக்கர நாற்காலி ஒன்று, கமோடு நாற்காலி இரண்டு. ஆஸ்பத்திரிக் கட்டில் ஸ்டாக் இல்லை. அடுத்த லோடு மாசக் கடைசியில்.

மதியம் ஓடைப்பட்டியிலிருந்து போன். ராஜாமணி. திராட்சைத் தோட்டக்காரி. புருஷன் படுக்கையில் விழுந்ததும் ஆன்லைனில் நம்மிடம் கட்டில் வாங்கியவள். கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் தூக்குமே, அந்தக் கட்டில்.

"அண்ணே, அவுக வெள்ளிக்கிழமை தவறிட்டாக. கட்டில திருப்பி எடுத்துக்கிருவீகளா?"

"எடுத்துக்கிரலாம்மா. அனுப்புற செலவு ஒங்களது. வந்த பெட்டியிலயே வச்சு அனுப்பணும்."

"பெட்டிய அன்னைக்கே அடுப்புல வச்சுட்டமே."

"அப்ப ஒண்ணும் செய்ய முடியாதும்மா. வெப்சைட்டுல தெளிவாப் போட்டுருக்கோம்."

எல்லார் வீட்டிலும் பெட்டியை அடுப்பில்தான் வைக்கிறார்கள். அதை நம்பித்தானே அந்த வரியைப் போட்டேன்.

என் வீட்டுக்காரி செல்வி பக்கத்தில் நின்று கேட்டுவிட்டாள். "எரிச்ச சாம்பல்கூட ஆறியிருக்காது. இப்படியா பேசுவீக?" வேறு எப்படிப் பேச? கூடச் சேர்ந்து ஒப்பாரியா வைக்க முடியும்?

ஜூன் 10, செவ்வாய்

ஆணி மறந்துபோச்சு.

இந்தத் தொழிலில் சரக்கு அனுப்புகிறவன் பெரிய ஆள் இல்லை. திரும்பி வருவதைச் சமாளிக்கிறவன்தான் ஆள். லாரி ஆபீசில் கட்டிலுக்கு எடை பார்ப்பதில்லை, அடைக்கிற இடத்துக்குத்தான் வாடகை. அந்த வாடகையைக் கேட்டதும் கட்டில் வாங்கியவர்களுக்குத் தலை சுற்றும். அனுப்பமாட்டார்கள். ஆனால் உயிர் போன கட்டிலை வீட்டிலும் வைத்துக்கொள்ளமாட்டார்கள். கருமாதி வரை நான் சும்மா இருந்தால் போதும். மறுநாள் அவர்களே கூப்பிடுவார்கள். "காசெல்லாம் வேண்டாம், எடுத்துட்டுப் போயிருங்க."

வேன் ஓட்டும் காசி போய்த் தூக்கி வருவான். டெட்டால், ஒரு கை பெயின்ட், புது ஸ்டிக்கர், புதுப் பெட்டி. கருமாதி ஸ்டாக் என்று காசிதான் பேர் வைத்தான். திருட்டுப் பயல். தேவதானப்பட்டிக் கட்டில் ஒன்று இதுவரை மூன்று வீடு பார்த்துவிட்டது. இரும்பு நல்ல இரும்பு. மனுஷர்கள்தான் நிற்பதில்லை.

ஜூன் 12, வியாழன்

ஆத்தா பாத்ரூமில் விழுந்துவிட்டது. இடுப்பு எலும்பு.

டாக்டர் சொன்னது: இந்த வயதில் ஆபரேஷன் வேண்டாம். படுக்கையில் வைத்துப் பாருங்கள். தலையைத் தூக்கி வைத்துத்தான் கஞ்சி கொடுக்க வேண்டும், படுத்தவாக்கில் கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும். புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வரும். "கட்டில் யாவாரம் பாக்குறவருக்கு நான் சொல்லணுமா?" என்று சிரித்தார்.

ஊருக்கெல்லாம் கட்டில். என் வீட்டில் இல்லை. வருகிற லோடு முழுக்க புக் ஆனது. ஒன்றைக் கேன்சல் செய்தாலும் ரேட்டிங் போகும்.

வாங்க: டயபர், பவுடர், கஞ்சி மாவு. கோடவுனில் முதுகுப் புண் வராமல் இருக்கப் போடும் தண்ணீர் மெத்தை ஒன்று பிரிக்காமல் கிடக்கிறது. பிரித்தால் விற்க முடியாது. யோசிக்க வேண்டும்.

ஜூன் 14, சனி

தலையணை நாலு அடுக்கிச் சாய்த்து வைக்கிறோம். ரெண்டு வாய் உள்ளே போவதற்குள் ஆத்தா சறுக்கிக் கீழே வந்துவிடுகிறது. காலையில் புரையேறிக் கண் சொருகிவிட்டது. செல்விதான் தூக்கி நிறுத்தி முதுகில் தட்டினாள்.

"மதுரையில ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

மதுரையில் என் போட்டிக்காரன் கடையில் இருக்கிறது. அவனிடம் போய் முழு விலை கொடுத்தால் என்னை வைத்து ஒரு வருஷம் சிரிப்பான். இன்னும் ஒரு வாரத்தில் ஓடைப்பட்டிக் கட்டில் சும்மா வரப்போகிறது. ஒரு வாரம் பொறுக்க முடியாதா?

அது எந்தக் கட்டில் என்று செல்வியிடம் சொல்லவில்லை. சொன்னால் வாசல்படி ஏற்றமாட்டாள்.

ஜூன் 18, புதன்

முதுகில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு.

"ஏலே, கட்டிலு எப்பலே வரும்?"

"வந்துக்கிட்டிருக்கு ஆத்தா."

நானாகப் போன் செய்தால் அவசரம் என்று தெரிந்துவிடும். கிராக்கி பண்ணுவாள். அவளே கூப்பிடட்டும்.

தண்ணீர் மெத்தை விற்றுவிட்டது. பெரியகுளம் பார்ட்டி.

ஜூன் 22, ஞாயிறு

நேற்று அங்கே கருமாதி முடிந்திருக்கும். போன் இல்லை. சாயங்காலம் நானே அடித்தேன்.

"கட்டிலு அங்கனதான் கெடக்காம்மா? பாவம், ஒங்களுக்குத் தொந்தரவா இருக்கும், எடுத்துக்கிருவோம்னு பாத்தேன்."

"எனக்கு என்னண்ணே தொந்தரவு? நாந்தான் அதுல படுத்துக்கிருக்கேன்."

மறுபடி கேட்டேன். அதே பதில். "அவுக படுத்த கட்டில்ல எனக்கென்ன பயம்?" என்கிறாள். நான் எடுக்க முடியாது என்று சொன்ன அன்றிலிருந்து அதில்தான் தூங்குகிறாளாம். சொந்தக்காரர்கள் சத்தம் போட்டும் கேட்கவில்லையாம். இவளெல்லாம் என்ன பொம்பளை. இத்தனை வீடு பார்த்திருக்கிறேன், இப்படி ஒருத்தி இல்லை.

ஆத்தா முதுகில் தோல் உரிந்துவிட்டது. அந்த நாற்றம் எனக்குத் தெரியும். கருமாதி ஸ்டாக் கழுவும்போது வரும்.

ஜூன் 23, திங்கள்

காசியோடு வேனில் நானே போனேன். வழியெல்லாம் திராட்சை ஏற்றின வண்டிகள், முந்த முடியவில்லை.

கட்டில் முன் அறையில். தலைப்பக்கம் தூக்கியே இருந்தது. எதிர்ச்சுவரில் மாலை போட்ட படம். காபி கொடுத்தாள். கொடுத்துவிட்டு நேராகவே கேட்டாள்.

"விக்கிறதுக்காண்ணே? இல்ல, யாருக்காச்சும் முடியலையா?"

அன்றைக்கு நான் போனில் பேசியது ஒன்றும் அவள் மறந்திருக்கமாட்டாள். அதே வாயால் எங்க ஆத்தாவுக்கு என்று எப்படிக் கேட்பது. காசி வேறு பக்கத்திலேயே நிற்கிறான்.

"விக்கிறதுக்குத்தாம்மா."

"விக்கிறதுக்குன்னா தரமாட்டேண்ணே. யாராச்சும் படுக்கையில கெடக்காகன்னா சும்மாவே தூக்கிட்டுப் போங்கன்னு சொல்லிருப்பேன். அவுக கடைசி நா வரைக்கும் இதுல சாஞ்சுதான் கஞ்சி குடிச்சாக. ஒரு நாளும் பொரையேறலை."

காபி முழுவதையும் குடித்தேன். அப்போதும் சொல்லியிருக்கலாம். காசி வாயைத் திறக்கப் பார்த்தான். முறைத்தேன், மூடிக்கொண்டான். வேன் காலியாகத் திரும்பியது. போக வர டீசல் என் செலவு.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஆத்தா.

"கட்டிலு எங்கலே?"

"வச்சிருக்கவ தரமாட்டேன்னுட்டா."

"ஆத்தாவுக்குன்னு சொல்லிக் கேட்டியா?"

"கேட்டேன்."

"அப்பவுமா தரல?"

"தரல."

"தாலியறுத்தும் புத்தி வரல பாரு சிறுக்கிக்கு. என்னைய மாதிரிக் கெடக்கணும் அவ. தூக்கிவிட ஆளில்லாமக் கெடக்கணும்." இருமல் வந்து அடைக்கும் வரை ஆத்தா நிறுத்தவில்லை. செல்வி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

நானும் கூடச் சேர்ந்து ரெண்டு வார்த்தை திட்டினேன்.