நிலாவரையில் போட்ட தேசிக்காய்

16 சித்திரை 1990, திங்கள்

விடியவே வெயில். இரண்டு சைக்கிளுக்கும் காற்று அடித்தாயிற்று. மானிப்பாயில் இருந்து புறப்பட ஆறரை. முதுகுப் பை ஒன்று, இவர் முதுகில். உள்ளே: மாற்றுடுப்பு, போர்வை, புட்டு, வாழைப்பழம், தண்ணீர்ப் போத்தல் இரண்டு. அடியில் கனடாப் படிவம். அதையும் கொண்டுவந்துவிட்டார் மனிதர்!

எங்களை அங்கே கூப்பிடக் கனடாவில் இருக்கும் இவருடைய அண்ணை அனுப்பிய படிவம். மாதம் முடியுமுன் இருவரும் கையெழுத்து வைத்து அனுப்ப வேண்டும். இவர் வைத்துவிட்டார். நான் வைக்கவில்லை. "போறதெண்டா, என்னத்தை விட்டிட்டுப் போறம் எண்டாவது பாப்பம்" என்று பிடிவாதம் பிடித்துத்தான் இந்த நாலு நாள் பயணம். பள்ளிக்கூடம் விடுமுறை, இரண்டு வாத்திமாருக்கும்.

நிலாவரை. இதைக் கிணறு என்றா சொல்வது? பாறைக்குள் ஒரு குளம். கருநீலம். தண்ணீர் அள்ள வந்த ஒருவர் சொன்னார்: "மேலை நல்ல தண்ணி, கீழை உப்பு. அடி கண்டவன் இல்லைப் பிள்ளை. உதுக்கை தேசிக்காய் போட்டாக் கீரிமலைக் கேணியிலை மிதக்கும்."

இவர் கணக்கு வாத்தியார். சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பையில் எங்கள் வீட்டு எலுமிச்சை மரத்துத் தேசிப்பழம் ஒன்று, மஞ்சளாகப் பழுத்தது. கொண்டை ஊசியால் அதில் என் பெயரின் முதல் எழுத்தைக் கீறினேன்.

"இது கீரிமலையிலை வந்தா ஊரிலையே நிக்கிறம். வராட்டி நான் கையெழுத்து வைக்கிறன்."

"சரி. பேந்து கதை மாறப்படாது."

போட்டேன். பழம் தாழவே இல்லை. அப்படியே மிதந்துகொண்டு நின்றது.

"இஞ்சை நிண்டா அங்கை எப்பிடியப்பா வரும்?"

"ஆறுதலா வரும். நீங்கள் சும்மா இருங்கோ."

வாய்க்கொழுப்பு. வேறென்ன.

17, செவ்வாய்

இரவு பருத்தித்துறையில் சிநேகிதி வீட்டில் தங்கல். வெள்ளாப்பில், விடியுமுன்னே, வல்லிபுரக் கோயில், பிறகு மணற்காடு.

எப்படி எழுதுவது. வெள்ளை மணல் மலை மலையாய். பழைய தேவாலயம் ஒன்று பாதிக்கு மேல் மணலுக்குள். காற்று மட்டும். கடலைத் தேடத் தேவையில்லை, காதுக்குள் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம்.

இவர் ஒரு பிடி மணலை அள்ளிக் காற்றில் விட்டார். பேந்து: "முப்பத்தாறு வயசு எனக்கு. சைக்கிள் ஓடுற தூரத்திலை இது கிடக்குது. நான் காணேல்லையே அப்பா."

நானுந்தான். வெட்கமாயும் இருந்தது, சந்தோஷமாயும் இருந்தது. கால் கொப்புளம் இரண்டு.

18, புதன்

திரும்பி வரும் வழியில் சுன்னாகம் சந்தை. நாளை கீரிமலையில் தலைக்குத் தேய்த்து முழுக: அரப்பு, தேசிக்காய் மூன்று. பச்சை, கல்லுமாதிரி. இரண்டு பேருக்கு இரண்டு காணும் என்றேன். "கிடக்கட்டும்" என்றார்.

அளவெட்டியில் இவருடைய கூட்டாளி வீடு. பின்னேரம் பக்கத்து வளவில் யாரோ நாதஸ்வரம் பழகினார்கள். ஒரே இடம், திரும்பத் திரும்ப. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மேலே. எனக்கு மயிர் கூச்செறிந்தது. கூட்டாளி கதைத்துக்கொண்டே இருக்க, இவர் தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டு வேலிப் பக்கம் பார்த்தபடி. கண்ணைத் துடைத்ததை நான் காணாத மாதிரி இருந்தேன்.

சொன்ன சொல் சொன்னதுதான். பேனையைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். எனக்குப் போக விருப்பமில்லை. இங்கேயாவது எழுதி வைக்கிறேன்: விருப்பமில்லை.

19, வியாழன்

காலையில் கொண்டை ஊசியைக் காணவில்லை. தேடிக் களைத்து ரிபனால் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

கீரிமலை. கடல் அந்தா அடிக்கிறது, உப்பு. ஒரு மதில் தள்ளிக் கேணி, நல்ல தண்ணீர், குளிர். நாக்கில் விட்டுப் பார்த்தேன், நம்ப முடியவில்லை. யார் இதை இங்கே கொண்டுவந்து வைத்தது?

பெண்கள் கேணி தனி. மூலை முடுக்கெல்லாம் தேடினேன். பக்கத்தில் முழுகிய அம்மா கேட்டார்:

"என்ன பிள்ளை, தோடு விழுந்திட்டுதோ?"

"இல்லை அம்மா, ஒரு தேசிக்காய்."

"விசரே? உந்தா, நிறையக் கிடக்கே!"

உண்மைதான். தலைக்குத் தேய்த்துப் போட்ட பாதிகள். என்னுடையது இல்லை. இருக்குமா என்ன! ஈரத்தலையோடு வெளியே வந்து பேனையை எடுத்தேன்.

இவர் வாசலில் நின்றார். வலது கை பொத்தியபடி.

"வந்திட்டுது."

விரித்தார். பச்சைக் காய். அதில் என் பெயரின் எழுத்து, கோணல் மாணலாய். நான் போட்டது மஞ்சள் பழம். என் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"உம்மடைதானே?"

அழுகை வந்தது. முகம் ஏற்கெனவே நனைந்திருந்தது, நல்லதாய்ப் போயிற்று.

"ஓம்," என்றேன். "என்ரைதான்."

கொண்டை ஊசி இவருடைய சேட்டுப் பொக்கற்றில் இருந்தது.